இரண்டாவது மனைவியின் சாட்சியம்

ஜார்ஜ் ரெனால்ட்ஸ் தன்னை மணந்துகொண்டது உண்மைதான் என்று 1875-ல் சால்ட் லேக் சிட்டி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார் அமெலியா ஜேன். ரெனால்ட்ஸின் முதல் மனைவி மேரி ஆன் அப்போது உயிரோடு இருந்தார். மதச் சுதந்திரத்துக்கு எல்லை எது என்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது இந்த வழக்குதான்.

அப்போது மாநிலமாகியிராத யூட்டாவில் குடியேறியிருந்த மோர்மன் திருச்சபையினருக்குப் பலதார மணம் இறைவன் இட்ட கட்டளை. 1852-ல் அதை ஊரறிய அறிவித்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1862-ல் அதைக் குற்றமாக்கியது. ஐந்தாண்டு வரை சிறை என்ற அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் லிங்கன். ஆனால் உள்நாட்டுப் போரின் நடுவே அதை யூட்டாவில் அமல்படுத்த ஆளில்லை.

1874-ல்தான் சட்டத்தின் பிடி இறுகியது. மதச் சுதந்திரம் தங்களைக் காக்கும் என்று நம்பிய திருச்சபைத் தலைவர்கள், சோதனை வழக்கு ஒன்றுக்கு இசைந்து, தலைவர் பிரிகாம் யங்கின் செயலாளரான ரெனால்ட்ஸை முன்னிறுத்தினர். தனக்கு எதிரான சாட்சிகளின் பெயர்களை அவரே கொடுத்தார்! முதல் தீர்ப்பு நடைமுறைக் கோளாறால் ரத்தானது. மறுவிசாரணையின்போது அமெலியாவைக் காணவில்லை. அவரை மறைத்ததே கணவர்தான் என்று கருதிய நீதிமன்றம், பழைய வாக்குமூலத்தையே ஏற்றது. இரண்டாண்டு சிறை, 500 டாலர் அபராதம்.

1879-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மாரிசன் வெயிட் அந்தத் தண்டனையை உறுதி செய்தார். நம்பிக்கையில் சட்டம் தலையிடாது, செயலில் தலையிடும் என்பது அவர் வகுத்த கோடு. அதை விளக்க அவர் கையிலெடுத்த உதாரணங்களில் ஒன்று உடன்கட்டை. கணவனின் சிதையில் தன்னை எரித்துக்கொள்வது கடமையென ஒரு பெண் நம்பினால், அரசு தடுக்கக் கூடாதா என்று கேட்டார். இந்தியாவில் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடன்கட்டையைத் தடைசெய்து அப்போது ஏறத்தாழ 50 ஆண்டு ஆகியிருந்தது.

வெயிட் போட்ட கோடு சரியானதே. மதத்தின் பெயரைச் சொன்னாலே சட்டம் ஒதுங்கிக்கொள்ளுமானால், வீட்டுக்குள் வலுவற்றவர்களுக்கு நாதியில்லை. ஆனால் அடுத்து வந்த சட்டங்கள் அந்த வலுவற்றவர்களையே அடித்தன. 1882-ன் எட்மண்ட்ஸ் சட்டம் பலதாரக்காரர்களின் வாக்குரிமையைப் பறித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறை சென்றனர். கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்த பெண்கள் சிலரும் அடைக்கப்பட்டனர். 1887-ல் இன்னொரு சட்டம் திருச்சபையின் சொத்தைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. கூடவே, யூட்டாப் பெண்கள் 1870 முதல் பெற்றிருந்த வாக்குரிமையையும் பிடுங்கியது. ஒருவனுக்கு ஒரே மனைவியாக வாழ்ந்தவள், திருமணமே ஆகாதவள் என்று யாரையும் அது விட்டுவைக்கவில்லை. பெண்களை மீட்பதாகச் சொன்ன நாடாளுமன்றம், அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

1890-ல் திருச்சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், சட்டத்துக்கு அடிபணிவதாக அறிக்கை விட்டார். ஆறாண்டு கழித்து யூட்டா மாநிலமானது. அதன் அரசியல் சட்டம் பலதார மணத்தை என்றென்றைக்குமாகத் தடை செய்தது. பெண்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தந்ததும் அதே அரசியல் சட்டம்தான்.