இந்தியாவில் முன்பேர வணிகமும் பொருளாதார வளர்ச்சியும்

பின்னொரு நாளில் கைமாறவிருக்கும் பொருளுக்கு இன்றே விலை பேசி முடிக்கும் ஒப்பந்தங்களைச் சந்தையில் வாங்கி விற்பது முன்பேர வணிகம். அடிப்படைச் சொத்தின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் இது மூத்த வகை. வளரும் நாடுகளில் இது வளர்ச்சிக்கு உதவுமா, விலைவாசியைத் தூண்டிவிடுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டு தரப்பையும் மாறி மாறி நம்பிச் செயல்பட்ட நாடு இந்தியா.

வைகாசியில் ஊன்றிய மஞ்சள் தை, மாசியில்தான் வெட்டுக்கு வரும். இடையில் விலை சரிந்தால் நட்டம் முழுவதும் விவசாயியின் தலையில் விழுகிறது. முன்பேரச் சந்தையில் அந்த அபாயத்தை, லாபத்தை எதிர்பார்க்கும் ஊக வணிகர் ஏற்றுக்கொள்கிறார். அறுவடைக்கால விலை எப்படி இருக்கும் என்ற கணிப்பு எல்லாருக்கும் தெரியவருவதால், எதைப் பயிரிடுவது, எவ்வளவு இருப்பு வைப்பது என்று முடிவெடுக்க முடிகிறது. கிடங்கு ரசீதின் பேரில் கடன் கொடுக்கும் வங்கிக்கும் துணிவு வருகிறது.

பம்பாயில் பருத்தி வணிகர்கள் 1875-இல் தொடங்கிய சங்கமே நாட்டின் முதல் ஒழுங்கமைந்த முன்பேரச் சந்தை. 1952-இல் இதற்கெனச் சட்டமும், அடுத்த ஆண்டு முன்பேரச் சந்தை ஆணையமும் வந்தன. 1960-களின் உணவுப் பற்றாக்குறைக் காலத்தில் பெரும்பாலான விளைபொருள்களின் முன்பேரம் தடைசெய்யப்பட்டது. 2003-இல்தான் கதவு மீண்டும் அகலத் திறந்தது, எம்.சி.எக்ஸ்., என்.சி.டி.இ.எக்ஸ். ஆகிய சந்தைகள் அந்த ஆண்டின் இறுதியில் மும்பையில் தொடங்கின.

ஆனால் 2007-இன் தொடக்கத்திலேயே துவரை, உளுந்து, கோதுமை, அரிசி ஆகியவற்றின் முன்பேரம் நிறுத்தப்பட்டது. விலையேற்றத்துக்கு முன்பேரம்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லச் சான்றில்லை என அரசு அமைத்த அபிஜித் சென் குழு 2008-இல் அறிக்கை தந்தது. அதன் பிறகும் தடை விதிக்கும் பழக்கம் மாறவில்லை. முன்பேரச் சந்தை ஆணையம் 2015-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியுடன் இணைந்தது. 2021 டிசம்பரில் நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, பாமாயில், பாசிப்பயறு ஆகியவற்றின் முன்பேரத்தைச் செபி ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது, பிறகு திரும்பத் திரும்ப நீட்டித்தது. விளைவித்தவனுக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கும் வேளையில் சந்தை மூடப்படுகிறது. விலை விழும்போது அவனைக் காக்க யாரும் எதையும் நிறுத்துவதில்லை. இது நியாயமல்ல. எப்போது மூடப்படும் என்று தெரியாத சந்தையை நம்பி எந்த எண்ணெய் ஆலையும் நீண்டகாலக் கொள்முதலைத் திட்டமிடாது.

சந்தை திறந்திருந்தாலும் சிறு விவசாயி அதற்கு வெளியேதான் நிற்கிறார். மஞ்சள் ஒப்பந்தம் ஒன்றின் அளவு 5 டன். ஓர் ஏக்கரில் காய்ந்த மஞ்சள் பெரும்பாலும் அதில் பாதிதான் தேறும். சரக்கை ஒப்படைக்கும் முதன்மை மையம் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் இருப்பதால், ஈரோட்டு விவசாயிக்கு அந்த விலை ஒரு குறியீடு மட்டுமே. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சரக்கைத் திரட்டி, தரம் பிரித்து, பதிவுபெற்ற கிடங்கில் வைத்தால்தான் இந்த இடைவெளி குறையும்.

பங்குக் குறியீடுகளைச் சார்ந்த டெரிவேட்டிவ் சந்தையில் நடப்பது வேறு. 2000 ஜூனில் தொடங்கிய அந்தச் சந்தை, ஒப்பந்த எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. இதை வளர்ச்சியின் அடையாளமாகக் கொள்ள முடியாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தை டெரிவேட்டிவ்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணம் இழந்ததாகச் செபியின் ஆய்வு காட்டியது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2024 நவம்பரில் குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பைச் செபி 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்களையும் ஒரு பங்குச் சந்தைக்கு ஒரு குறியீடு என்று குறைத்தது.