கரி பஸ்ஸும் ஈரத் துணியும்

மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் முதல் வசவு டிரைவருக்கு. இரண்டாவது வசவு வண்டிக்கு. சொந்த வண்டியாயிருந்தால், அதை வாங்கச் சொன்ன மைத்துனருக்கும் கொஞ்சம் கிடைக்கும். எண்ணெய்த் தொட்டிக்குள் இருப்பதை மட்டும் யாரும் திட்டுவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாதல்லவா? ஆனால், திண்டுக்கல் சீமையில் நின்றுபோன வண்டிகளின் கதைகளைக் கேட்டே வளர்ந்தவன் நான். குற்றத்தில் பெரும் பங்கு தொட்டிக்குள் இருந்ததைச் சேரும் என்பது என் அபிப்பிராயம். அதைத் தொட்டிக்குள் ஊற்றும்படி தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் செம்பட்டிக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே வெயிலில் நின்று பழக்கமில்லாதவர்கள்.

கதை யுத்த காலத்தில் ஆரம்பமாகிறது. 1941-ஆம் வருஷம் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல். மறு வருஷம் நிலைமை இன்னும் கெட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரலில் ஏனாங்யவுங் எண்ணெய்க் கிணறுகளை, எதிரி கையில் அகப்படக் கூடாதென்று, பிரிட்டிஷாரே தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பர்மா எண்ணெயை நம்பியிருந்த தேசம் நம்முடையது. ஐராவதிக் கரையில் கிணறு தகர்ந்தால் வத்தலக்குண்டு பஸ் நின்றுபோகும் என்ற பூகோளப் பாடத்தை நம் ஜனங்கள் அப்போதுதான் படித்தார்கள்.

பஸ்ஸை நிறுத்திவிட முடியுமா? கல்யாணம், கோர்ட்டு, சந்தை எதுவும் யுத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஜார்ஜ் இம்பெர்ட் என்ற இன்ஜினீயர் 1920-களிலேயே விறகை வாயுவாக்கி வண்டி ஓட்டும் சாதனத்தைச் செப்பம் செய்திருந்தார். யுத்தத்தின்போது அங்கே லட்சக்கணக்கான வண்டிகள் முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. நம் பக்கத்தில் அந்தக் காரியத்தில் இறங்கியவர் மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்கார். 1911-இல் அவர் தொடங்கிய ஸ்தாபனம் 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' என்ற கரிவாயு சாதனத்தைத் தயாரித்து விற்றது. (பிற்பாடு 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் இவருடைய குமாரத்திதான்.)

அந்தச் சாதனத்தின் தத்துவம் ரொம்பச் சுலபம். பீப்பாய் போன்ற இரும்பு உருளை நிறைய மரக்கரி, கீழே நெருப்பு. தாராளமாகக் காற்று விட்டால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். அளந்து விட்டால், எரிந்து வரும் புகை மேலேயுள்ள தணல் வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற எரிவாயுவாக மாறும். அதைக் குளிர வைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, இன்ஜினுக்கு அனுப்பவேண்டும். காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் அந்த வாயுவில் ஏறக்குறைய பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். பெட்ரோலில் குதிரையாக ஓடிய வண்டி கரிவாயுவில் கிழட்டு மாடாகிவிடும்.

என் தாத்தாவுக்கு அப்போது பதினேழு வயது. திண்டுக்கல்லில் அவர் கரி பஸ் ஏறிய கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் கிளீனர் பையன் வந்து அடுப்பைப் பற்றவைத்து, விசிறியின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பிப்பான். கால் மணி, அரை மணி சுற்றியபின், வாயு பிடித்துக்கொண்டதா என்று குழாய் வாயில் நெருப்புக் காட்டிப் பார்ப்பான். பிடித்திருந்தால் பஸ் புறப்படும். இல்லாவிட்டால் மறுபடியும் விசிறி. புறப்பட்டாலும் நிச்சயமில்லை. கரி ஈரமாயிருந்தால் நிற்கும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் நிற்கும். உருளைக்குள் கரி சரியாக இறங்காமல் நடுவில் பொந்து விழுந்தாலும் நிற்கும். அப்போது கிளீனர் இறங்கி நீண்ட கம்பியால் குத்துவான். கொஞ்சம் மேடு வந்தால், "ஆம்பிளைங்க எல்லாம் எறங்குங்க சாமி!" என்று கண்டக்டர் கும்பிடுவார். டிக்கட் வாங்கியவர்கள் பஸ்ஸைத் தள்ளினார்கள். "காசும் குடுத்து, கூலி வேலையும் செஞ்சோம்டா!" என்பார் தாத்தா.

நாங்கள் சிரிப்போம். ஆனால் ஒரு விஷயத்தைத் தாத்தா சிரிக்காமல் சொல்வார். ஒருநாள் அந்தக் கிளீனர் பையன் அடுப்பின் மூடியைத் திறந்து குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் போட்டு விசிறினார்கள். அரை நாழிகை கழித்துக் கண் திறந்தான். இன்ஜினை ஓட்டும் அந்தக் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனால் ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பஸ் தாமதம் என்று பிரயாணிகள் சண்டை போட்டது அந்தப் பையனோடுதான். ரேஷன் உத்தரவு போட்டவரோடு யார் போய்ச் சண்டை போடுவது?

யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்தது. கரி அடுப்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை.

என் பெரியப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. சித்திரை மாதத்தில் அதில் கொடைக்கானல் புறப்படுவதென்றால் ஒரு மண்பானைத் தண்ணீரும் ஒரு கிழிந்த வேஷ்டியும் அவசியம். அந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் பம்பு இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். பெட்ரோலிலுள்ள இலேசான பகுதிகள் 35, 40 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர்க் கோடையில் வெளிக்காற்றே அந்தச் சூட்டை எட்டிப்பிடிக்கும். இன்ஜின் பக்கத்தில் கேட்பானேன்? குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தை இறைக்கப் பிறந்த பம்பு ஆவியை இறைத்து இறைத்து ஓய்ந்துபோகும். இன்ஜின் இரண்டு விக்கல் விக்கி நிற்கும். பெரியப்பா வேஷ்டியைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மேல் சுற்றுவார், ஜுரக்காரனுக்கு நெற்றியில் பத்துப் போடுகிற மாதிரி. பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும்.

மலைமேல் ஏறினால் வெயில் குறையும், உபத்திரவம் தீருமென்றுதானே நினைப்பீர்கள்? அங்கே வேறு வழக்கு. கொடைக்கானல் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம். காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுக்கும். காற்றுக் குறைவு, பெட்ரோல் அதிகம். கரும்புகை கிளம்பும், பிளக்கில் கரி படியும், கொண்டை ஊசி வளைவில் வண்டி மூச்சடைத்து நிற்கும். பின்னாளில் தொட்டிக்குள்ளேயே மின்சாரப் பம்பும், காற்றை அளந்து பெட்ரோல் கொடுக்கும் இன்ஜெக்‌ஷனும் வந்து இந்த இரண்டு வியாதிகளையும் தீர்த்தன. ஈரத் துணிக்கு வேலை போயிற்று.

புகார் தீர்ந்ததா? இல்லை. இப்போது பெயர் எத்தனால். இதுவும் புதுச் சரக்கல்ல. பெட்ரோலில் சாராயம் கலப்பதற்காக 1948-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். அதை 2000-இல் ரத்து செய்தார்கள். ரத்து செய்து மூன்றே வருஷத்தில், 2003-இல், சில மாநிலங்களில் 5 சதவீதம் கலக்க ஆரம்பித்தார்கள்! 2022-இல் 10 சதவீதம். 2030-க்கென்று வைத்திருந்த 20 சதவீதத்தை 2025-லேயே எட்டிவிட்டார்கள். கரும்பு விவசாயிக்கு நல்ல விலை, அந்நிய எண்ணெய் இறக்குமதி குறைவு என்ற நியாயங்களை நான் மறுக்கவில்லை. பர்மா கிணறுகளின் கதை தெரிந்தவன் எப்படி மறுப்பான்?

ஆனால் பழைய கார் வைத்திருப்பவனின் நியாயத்தையும் கேட்கவேண்டும். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய அமைப்புள்ள கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாமென்று நீதி ஆயோகின் 2021 அறிக்கையே கணித்தது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாமென்று பெட்ரோலிய அமைச்சகமும் 2025-இல் சொல்லிற்று. மற்றபடி பயங்கள் ஆதாரமற்றவை என்றது. எத்தனாலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் தொட்டிக்குள் தண்ணீர் அளவு மீறிச் சேர்ந்தால், அது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவது அடியிலிருந்துதான்.

கலப்பில்லாத பெட்ரோலும் வேண்டும், பங்கில் விவரம் எழுதிவைக்கவேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-இல் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது.

என் சிநேகிதர் ஒருவரின் பதினைந்து வருஷத்துக் கார் பழனி ரோட்டில் மூன்று தடவை நின்றது. கிழ மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தண்ணீர் ஊற்றி, தண்ணீர் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, குலுக்கி வைத்தார். சற்று நேரத்தில் அடித்தட்டு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. சிநேகிதர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் திட்டிக்கொண்டிருந்தது தம் டிரைவரை.

"ஓஸை மாத்திடறேன், பில்டரையும் மாத்திடறேன்" என்றார் மெக்கானிக். "வண்டிய ரொம்ப நாள் நிறுத்தி வைக்காதீங்க சார்." அதற்கு எவ்வளவு ஆகும் என்று சிநேகிதர் கேட்டார்.