பாக்தாதும் கஸ்னாவும்: தொலைவை அளந்த அல்பீரூனி

பாக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 2,200 கி.மீ. இன்றைய பயணி விமானம் இடையில் இறங்காது பறந்தால் மூன்று மணி நேரத்திற்குள் கடந்துவிடும். நாளொன்றுக்கு 35 கி.மீ. நடந்த வணிகக் கூட்டத்தினருக்கோ இரண்டு மாதங்களும் போதவில்லை. ஆயினும், பறக்க இயலாத அக்காலத்திலேயே இவ்விரு நகரங்களின் இடைவெளியைச் சரியாக அறிய வேண்டிய தேவை அறிஞர் அல்பீரூனிக்கு இருந்தது. கஸ்னாவின் கிப்லாவை நிர்ணயிப்பதே அத்தேவை.

இளமையிலேயே அவர் இதற்கான வழியைக் கண்டிருந்தார். ஹிஜ்ரி 387இல் (கி.பி. 997) நிகழ்ந்த சந்திர கிரகணத்தை, முன்னேற்பாட்டின்படி, காத் நகரில் அவரும் பாக்தாதில் அபுல் வஃபா அல்பூஸஜானியும் நோக்கினர். இரு ஊர்களின் நேரமும் ஏறத்தாழ ஒரு மணி வேறுபட்டது. ஒரு மணி என்பது 15 பாகை தீர்க்கரேகை.

ஹிஜ்ரி 416இல் (கி.பி. 1025) நிறைவுற்ற 'தஹ்தீது நிஹாயாதில் அமாகின்' நூலில் வேறொரு வழியைக் கையாண்டார். ரய், பல்க் வழியாகவும், ஷீராஸ் வழியாகவும் செல்லும் பாதைகளின் நீளத்தை எடுத்து, வளைவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்து, கோளக் கணிதத்தால் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கண்டார். விடை ஏறத்தாழ 24 பாகை. இன்றைய கணக்கும் அதுவே!

விமானி நாடும் குறுகிய வழியும் தொழுபவர் நாடும் கிப்லாவும் பூகோளத்தின் மீதுள்ள ஒரே வகைக் கோட்டில் அமைந்தவை. "கிப்லா எத்திசை?" என வினவினால் நம் மாணவர்கள் "மேற்கு" என்கின்றனர். "சரியாக மேற்கா?" எனில் மௌனமே விடையாகிறது. அம்மௌனத்தைக் கலைப்பது ஆசிரியர்களாகிய நம் கடமையன்றோ?