கல்லூரி வாயிலில் ஒரு கேள்வி

கல்விக் கூடத்தின் கதவு யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது நாகரிக உலகம் ஒப்புக்கொண்ட அறம். ஆயினும் அக்கதவருகே நின்று, "அம்மை குத்திக் கொண்டாயிற்றா?" என்று வினவும் வழக்கம் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. நம் காலனியிலிருந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் பிள்ளைகள் இக்கேள்வியை எதிர்கொள்கின்றனர். மதிப்பெண் பட்டியலும் விசாவும் கேட்பது சரி. படிக்கப் போகிற பிள்ளையிடம் தடுப்பூசிச் சான்று எதற்கு என்று பெற்றோர் வியப்பதும் இயல்பே. வரலாற்றைச் சற்றே புரட்டினால் இதற்கு விடை கிடைக்கும்.

பசு அம்மையின் பாலைக் கையில் குத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்பதை இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் 1796ஆம் ஆண்டில் சோதித்துக் காட்டினார். அம்முறை ஆறே ஆண்டுகளில் நம் நாட்டை எட்டியது. 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மை குத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே அது சென்னைக்கும் சென்றது. குளிர்பதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு என மாறி மாறியே அம்மைப்பால் ஊர் கடந்தது. ஒருவர் உடம்பு மற்றவர்க்கு அரணாவது என்னும் கருத்து, தடுப்பூசியின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது எனலாம்.

அமெரிக்காவில் இக்கருத்தைக் கல்விக் கூடத்தோடு முதலில் இணைத்த பெருமை பாஸ்டன் நகருக்கு உரியது. பொதுப் பள்ளியில் சேரும் குழந்தை அம்மை குத்திக் கொண்டிருத்தல் வேண்டும் என 1827இல் அந்நகரம் விதித்தது. 1855இல் மாசசூசெட்ஸ் மாகாணம் முழுமைக்கும் அது சட்டமாயிற்று. ஒரே அறையில் பலர் நெருங்கி அமரும் இடத்தில் ஒருவருக்கு வரும் நோய் ஒருவரோடு நில்லாது என்பதே இதன் காரணம்.

எதிர்ப்பு எழாமலும் இல்லை. மாசசூசெட்ஸைச் சேர்ந்த கேம்பிரிட்ஜ் நகரில் அம்மை குத்திக்கொள்ள மறுத்து ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பெற்ற ஜேக்கப்சன் என்னும் பாதிரியார், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1905இல் வெளிவந்த அத்தீர்ப்பு, பொதுமக்கள் நலங் கருதி இவ்வாறு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆயினும் அவ்வதிகாரம் மனம்போன போக்கில் செலுத்தற்குரியதன்று என்றும், ஊசியால் உடலுக்குத் தீங்கு நேரக்கூடியவரை வற்புறுத்தலாகாது என்றும் எல்லை வகுத்தது. அதிகாரமும் எல்லையும் ஒரே தீர்ப்பில் பிறந்தன என்பதை நாம் கருத்தில் இருத்த வேண்டும். 1922இல் டெக்சஸ் மாகாணத்துச் சான் அன்டோனியோ நகரில், சான்று இல்லாமையால் பள்ளியினின்று விலக்கப்பட்ட மாணவியின் வழக்கிலும் அந்நீதிமன்றம் இதனையே வலியுறுத்தியது.

பல்கலைக் கழகங்களும் இவ்வழியே சென்றன. அம்மை குத்திக் கொள்ளாத மாணவரைக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் ஏற்க மறுத்தது பற்றிய வழக்குகள் 1913இலும் 1925இலும் மேல்முறையீட்டு மன்றத்தின் முன் வந்தன. இருமுறையும் பல்கலைக் கழகத்தின் பக்கமே தீர்ப்பாயிற்று. வாஷிங்டன் பல்கலைக் கழகம் காசநோயைக் கண்டறிய மாணவர் யாவரும் மார்பை எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. சமயக் கொள்கையைக் காட்டி அதனை மறுத்தவரின் வழக்கும் 1952இல் தள்ளப்பட்டது.

நிற்க. பெரியம்மை இந்தியாவில் 1975இலும், உலகம் முழுவதிலும் 1980க்குள்ளும் ஒழிந்தது. நோய் ஒழிந்த பின்னரும் வாயிற் கேள்வி ஒழியாதது ஏன்? வேறு நோய்கள் கல்லூரிக்குள் புகுந்தமையே காரணம். தட்டம்மைத் தடுப்பூசி 1963இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. நோய் குறைந்தது, ஆனால் ஊசியும் பெறாமல், நோயும் காணாமல் வளர்ந்த ஒரு தலைமுறை 1980களில் கல்லூரி விடுதிகளில் ஒன்று கூடிற்று. இதனை உணர்ந்த அமெரிக்கக் கல்லூரி நலச் சங்கம், சேர்க்கைக்கு முன்பே தடுப்பூசிச் சான்று கேட்குமாறு 1983இல் கல்லூரிகளுக்குப் பரிந்துரைத்தது. 1985இல் இல்லினாய் மாகாணத்துக் கல்லூரி ஒன்றில் தட்டம்மை பரவி நூற்றுக்கு மேற்பட்டோரைப் பற்றியது. மூவர் உயிர் துறந்தனர். குழந்தை நோய் என்று நாம் எளிதாக எண்ணும் தட்டம்மை, காளைப் பருவத்தினரையும் கொல்லும் என்பது அன்று விளங்கிற்று. 1989இல் இரண்டு தவணை ஊசி வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. நியூயார்க் மாகாணச் சட்டமோ, 1957க்கு முன் பிறந்தோர்க்கு மட்டும் சான்று வேண்டா என்கிறது. அவர்கள் இளமையிலேயே தட்டம்மை கண்டு தேறியிருப்பர் என்பது அதன் கணக்கு.

விடுதி வாழ்க்கைக்கே உரிய இன்னொரு பகை மூளையுறைக் காய்ச்சல். காலையில் காய்ச்சலாகத் தொடங்கி மறுநாளுக்குள் உயிரைக் குடிக்கவும் வல்ல இந்நோய்க்கான ஊசியை, டெக்சஸ் மாகாணம் 2010இல் விடுதி மாணவர்க்குக் கட்டாயமாக்கி, 2012இல் வெளியில் தங்கிப் படிக்கும் புதிய இளம் மாணவர்க்கும் விரித்தது. வகுப்புத் தொடங்குதற்குப் பத்து நாட்களேனும் முன்னதாக அதனைப் போட்டிருத்தல் வேண்டும். 2021இல் கோவிட் தடுப்பூசியை நிபந்தனையாக்கிய இந்தியானாப் பல்கலைக் கழகத்தின் மீது எட்டு மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். விலக்குப் பெறுவோர் முகக்கவசமும் பரிசோதனையும் ஏற்றால் போதும் என்று அப்பல்கலைக் கழகம் இடமளித்திருந்தது. மேல்முறையீட்டு மன்றம் 1905ஆம் ஆண்டுத் தீர்ப்பையே எடுத்துக்காட்டித் தடை விதிக்க மறுத்தது. தொற்றின் வேகம் தணிந்த பின்னர்ப் பல பல்கலைக் கழகங்கள் அந்நிபந்தனையைக் கைவிட்டன.

வினா எழுப்புவோரை அறிவிலிகள் என்று ஒதுக்குவது முறையன்று. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பெருந்திரளாகப் போடுவதை 1955இல் எதிர்த்தவர் மூதறிஞர் ராஜாஜி. பின்னர் 1968இல் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களிடையே தொடங்கிய ஆய்வு, வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டிற்று. குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோய் வகைகளுக்கு அது காப்பாதலின் இன்றும் போடப்படுகிறது. ஐயத்தைத் தீர்க்க வேண்டியது ஆராய்ச்சியே. ஆராய்ச்சி தாங்காத நிபந்தனை நிலைபெறலாகாது. தாங்குவதை மறுப்பதோ, பக்கத்துக் கட்டிலில் உறங்கும் பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும். நோயினாலோ மருந்தினாலோ ஊசி போட்டுக்கொள்ள இயலாத மாணவர் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளனர். மற்றவர் பெற்ற காப்பே அவர்க்குக் காப்பு.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். நம் நாட்டு அரசுத் திட்டத்தில் தரப்படுவது தட்டம்மை, ரூபெல்லா என்னும் இரண்டுக்குமான ஊசி. அதில் பொன்னுக்கு வீங்கிக்கான காப்பு இல்லை. முதல் தவணையும் ஒன்பது மாதம் நிறைந்ததும் போடப்படுகிறது. முதற் பிறந்த நாளுக்கு முன் போட்டதை அமெரிக்காவில் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே மூன்று நோய்க்குமான ஊசியைக் குறைந்தது 28 நாள் இடைவெளியில் இருமுறை போட்டுக்கொள்ள நேரலாம். பல பல்கலைக் கழகங்கள் இரத்தப் பரிசோதனைச் சான்றையும் ஏற்கின்றன. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்க்குக் காசநோய்த் தோற் பரிசோதனை நோய் உள்ளதுபோலக் காட்டக் கூடும். அதற்கென உள்ள இரத்தப் பரிசோதனை அவ்வாறு மயங்காது.

உத்தியோக மாற்றலால் ஊர் ஊராகப் பெட்டி கட்டும் நம்மவர் வீடுகளில் முதலில் தொலைவது குழந்தையின் ஊசி அட்டையே. அதனைப் பிறப்புச் சான்றோடும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும் சேர்த்துப் பாதுகாப்போமாக. சங்கத்து அன்பர்களுள் மருத்துவராக உள்ளோர், வெளிநாடு செல்லும் மாணவரின் அட்டைகளை ஆறு மாதம் முன்னதாகவே பார்த்து உதவ முன்வருவாராயின், அது பெருந்தொண்டாகும். கல்லூரி வாயிலில் கேட்கப்படும் கேள்வி நம் பிள்ளை மீது கொண்ட ஐயத்தால் எழுவதன்று; உள்ளே இருக்கும் அனைவர் பிள்ளைகளின் மீதும் கொண்ட அக்கறையால் எழுவது. அவ்வனைவருள் நம் பிள்ளையும் ஒருவர். விடையைக் கையோடு கொடுத்தனுப்புவது நம் கடன்.