பலாலி எவ்வளவு தூரம் சார்?



1991இல் அகதி முகாமிலிருந்து என் வகுப்புக்கு வந்த பையன் ஒருவன் கேட்டான்: "எங்க பலாலி இங்கேயிருந்து எவ்வளவு தூரம் சார்?"

அட்லஸில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நம் மதுரை விமான நிலையத்துக்கு நேர் கிழக்கே, கிட்டத்தட்ட அதே அட்சரேகையில், சுமார் 217 கி.மீ. நாம் பஸ்ஸில் கோவை போகும் தூரம்தான்! இரண்டுமே இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய ஓடுதளங்கள்.

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் டகோட்டா, கொழும்பிலிருந்து பலாலியில் இறங்கித்தான் சென்னை போனது. பிறகு போர் வந்து, அந்த வழி மூடியே கிடந்தது. 2019இல் சென்னையிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். 2025 மார்ச் 30இல் திருச்சியிலிருந்தும் வந்தது. அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 185 கி.மீ., ஒரு மணி நேரப் பயணம். (சோதனை வரிசையில் நிற்பதுதான் அதைவிட அதிகம்.) மதுரைக்குக் கொழும்பு விமானம் 2012இலேயே வந்துவிட்டது. பலாலிக்குத்தான் திருச்சி சுற்றிப் போக வேண்டும்.

அந்தப் பையன், இப்போது தலை நரைத்துவிட்டது, போன மாதம் அப்படித்தான் போனான். இறங்கியதும் போன் செய்தான்.

"வீடு இல்லை சார். கிணறு மட்டும் இருக்கு."