ரொலைஃப்ளெக்ஸை வீழ்த்தியது டிஜிட்டல் அல்ல

பழைய பிலிம் கமெரா கம்பனிகள் ஏன் அழிந்தன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "டிஜிட்டல் வந்தது, அவை போய்விட்டன." ஆனால் ஜேர்மனியின் ரொலை கம்பனி வங்குரோத்தானது 1981இல். அன்று எந்தக் கடையிலும் டிஜிட்டல் கமெரா விற்பனைக்கு இருக்கவில்லை. அப்படியென்றால் அதை வீழ்த்தியது எது? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1920இல் பிரவுன்ஷ்வைக் நகரில் போல் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக்கே என்ற இருவர் இக்கம்பனியைத் தொடங்கினார்கள். 1929இல் அவர்களுடைய ரொலைஃப்ளெக்ஸ் வெளிவந்தது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள். கீழ் வில்லை படத்தைப் பிலிமில் பதிக்கும். மேல் வில்லையின் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி. அது காட்சியை மேலேயுள்ள திரைக்குத் திருப்பிவிடும். படம் பிடிப்பவர் கமெராவை வயிற்றருகே வைத்து, தலை குனிந்து அதைப் பார்ப்பார். உறுதியான, சத்தம் குறைந்த கருவி. பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களும் ஸ்டூடியோக்காரர்களும் இதை விரும்பி வாங்கினார்கள். போருக்குப் பின்னர் 1950களில் அதற்குப் பொற்காலம்.

பலவீனமும் அந்த வெற்றிக்குள்ளேயே இருந்தது. ரொலைஃப்ளெக்ஸின் வில்லையைக் கழற்றி வேறு வில்லை பொருத்த முடியாது. 1957இல் சுவீடனின் ஹசல்பிளாட் 500சி வந்தது. அதில் வில்லையையும் மாற்றலாம், பிலிம் பெட்டியையும் மாற்றலாம். மறுபக்கம் ஜப்பானின் யஷிகா, அதே இரட்டை வில்லை அமைப்பை மலிவு விலையில் விற்றது. 1959இல் நிக்கொன் எஃப் வந்தபோது பத்திரிகைக்காரர்கள் சிறிய 35 மில்லிமீற்றர் கமெராவுக்கு மாறத் தொடங்கினார்கள். மேலே ஹசல்பிளாட், கீழே யஷிகா, பக்கத்தில் நிக்கொன். ரொலையோ தன் பழைய கமெராவை மெருகூட்டிக்கொண்டிருந்தது.

1964இல் ஹைன்ரிக் பேசல் என்ற பௌதிகவியலாளர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தூங்கியது போதும் என்று நினைத்தவர் அவர். 1966இல் ஹசல்பிளாட்டுக்குப் போட்டியாக எஸ்எல்66 வந்தது. அதே ஆண்டு ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்த, சட்டைப் பைக்குள் அடங்கும் ரொலை 35 வந்து பெரும் வெற்றி பெற்றது.

ஆனால் ஓட்டம் அளவு மீறியது. ஸ்லைட் புரஜெக்டர், பிளாஷ், பொக்கெட் கமெரா, 35 மில்லிமீற்றர் கமெரா என்று எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். ஜேர்மனியில் சம்பளச் செலவு கூடியதால் 1970களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பெரிய தொழிற்சாலைகளைக் கட்டினார்கள். அத்தனைக்கும் கடன். எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. ஜேர்மன் மார்க்கின் பெறுமதி உயர, ஏற்றுமதியும் கடினமானது. 1974இல் பேசல் விலகினார். கடன் கொடுத்த வங்கிகளே கம்பனியின் உரிமையாளர்களாகின. 1981இல் கதை முடிந்தது. சிங்கப்பூர் ஆலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பிரவுன்ஷ்வைக்கில் ஒரு சிறு பகுதி மட்டும் வேறு உரிமையாளர்களின் கீழ் தொடர்ந்தது.

முதலில் மாறத் தாமதித்தார்கள். பிறகு பதறிப்போய் எல்லாத் திசையிலும் ஓடினார்கள். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டாவது தவறு முதலாவதின் பிள்ளைதான். நேரத்தோடு எடுக்காத சிறிய முடிவுகளுக்குப் பதிலாக, பின்னர் கடன் வாங்கிப் பெரிய முடிவுகளை எடுக்க வேண்டி வந்தது. இது கமெராக் கம்பனிக்கு மட்டும் உரிய கதை அல்ல என்பதை இந்நாட்டில் வாழும் நாம் விளக்கத் தேவையில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆலை வந்த காலத்தில் சிங்கப்பூர் அரசு ரொலையுடன் சேர்ந்து ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தையும் அமைத்தது. நுண்பொறியியல் வேலைகளில் இளைஞர்கள் அங்கே பயிற்றப்பட்டார்கள். கம்பனி மூடப்பட்டது, ஆனால் அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட கைத்திறனை யாராலும் மூட முடியவில்லை. வேறு தொழிற்சாலைகளுக்கு அது தேவைப்பட்டது.

வெளிநாட்டு முதலீடு வருகிறது என்று கேள்விப்படும்போதெல்லாம் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிறோம். அது போய்விட்டால் நம் பிள்ளைகளின் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.