அடமான வீட்டுப் பறிமுதலில் சட்ட உதவி (ஐக்கிய அமெரிக்கா)

அடமான வீட்டுப் பறிமுதலில் சட்ட உதவி என்பது, ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுக்கடன் தவணைகளைச் செலுத்தத் தவறியதால் வீட்டை இழக்கும் நிலையில் உள்ளோர், அவ்வீடு அமைந்துள்ள மாநிலத்தில் தொழில் புரிய உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் பெறும் உதவியைக் குறிக்கும். கடன் கொடுத்தவர் அடமானச் சொத்தை விற்றுத் தமக்குரிய தொகையை ஈடுசெய்துகொள்ளும் இந்நடவடிக்கை ஆங்கிலத்தில் ஃபோர்குளோசர் எனப்படுகிறது. கடன் பெற்றவருக்குள்ள மீட்புரிமையை அடைத்துவிடுதல் என்பது இச்சொல்லின் சட்டப் பொருளாகும். இது பற்றிய சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பதிலளிப்பதற்கான கெடுவும் குறுகியது. எனவே உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை உரிய காலத்தில் அணுகுவது முக்கியமானதாகக் கருதப்படுகிறது.

பறிமுதல் முறைகள்

மாநிலங்களில் இரு முறைகள் வழக்கில் உள்ளன.

நீதிமன்ற வழி: நியூயார்க், நியூ செர்சி, புளோரிடா, இலினொய், ஒகையோ முதலிய மாநிலங்களில் கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்ற பின்னரே வீட்டை ஏலத்தில் விற்க இயலும். அழைப்பாணை கிடைத்தவர் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். புளோரிடாவில் இதற்கான காலம் 20 நாட்கள். நியூயார்க்கில் அழைப்பாணை நேரில் கையளிக்கப்பட்டால் 20 நாட்களும், வேறு வழியில் சேர்ப்பிக்கப்பட்டால் 30 நாட்களும் உண்டு. பதிலளிக்காதவருக்கு எதிராக, அவர் தரப்பைக் கேளாமலேயே தீர்ப்பு வழங்கப்படலாம்.

நீதிமன்றம் சாரா வழி: கலிபோர்னியா, டெக்சாஸ், ஜோர்ஜியா முதலிய மாநிலங்களில், கடன் பத்திரத்திலுள்ள விற்பனை அதிகாரப் பிரிவைக் கொண்டு நீதிபதியின் ஆணை இன்றியே வீடு விற்கப்படுகிறது. டெக்சாசில் குடியிருப்பு வீட்டின் நிலுவையைத் தீர்க்கக் குறைந்தது 20 நாட்கள் அளிக்கப்பட வேண்டும். அதன் பின்னர், ஏலத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் ஏல அறிவிப்பு வெளியிடப்பட வேண்டும். ஏலம் பொதுவாக மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடைபெறும். இம்முறையில் விற்பனையை நிறுத்த விரும்பும் வீட்டுரிமையாளரே வழக்குத் தொடுத்துத் தடையாணை பெறவேண்டியுள்ளது.

வழக்கறிஞர் பெறும் உரிமை

குற்றவியல் வழக்கில் வசதியற்றவருக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டும் என ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963 ஆம் ஆண்டு கிடியன் எதிர் வெயின்ரைட் வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டுப் பறிமுதல் உரிமையியல் வழக்கு ஆகையால் இத்தீர்ப்பு இதற்குப் பொருந்தாது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு வழக்கறிஞர் இருப்பார்; வீட்டை இழக்க நேர்பவர் தமக்குரியவரைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

• சட்ட உதவி அமைப்புகள்: 1974 ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட சட்டச் சேவைகள் கழகம், மாநிலங்களிலுள்ள இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு நிதி வழங்குகிறது. குடும்ப வருமானம் நடுவண் அரசின் வறுமைக் கோட்டில் பொதுவாக 125 விழுக்காட்டுக்கு மேற்படாதோருக்கு இங்கு கட்டணமின்றி உதவி கிடைக்கும்.
• வழக்கறிஞர் சங்கங்கள்: மாநில, மாவட்டச் சங்கங்கள் பல, துறைசார்ந்த வழக்கறிஞர்களைப் பரிந்துரைக்கின்றன. ஒருவரது உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரா என்பதை மாநில உரிமப் பதிவேட்டில் அறியலாம்.
• சட்டக் கல்லூரிகள்: சில கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் வழக்குகளைக் கவனிக்கின்றனர்.
• வீட்டுவசதி ஆலோசகர்கள்: வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் ஏற்புப் பெற்ற இவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர். எனினும் கடன் மாற்றியமைப்பு விண்ணப்பங்களை நிரப்பக் கட்டணமின்றி உதவுகின்றனர்.

முதற் சந்திப்பின்போது கடன் பத்திரம், வந்த அறிவிப்புகள், அவற்றின் உறைகள், தவணை செலுத்திய சான்றுகள், வருமானச் சான்றுகள் ஆகியன தேவைப்படும்.

வழக்கறிஞரின் பணிகள்

வழக்குத் தொடுத்தவருக்கு அதற்கான உரிமை உள்ளதா என ஆராய்வது முதற்பணியாகும். கடன்கள் பலமுறை கைமாறுவதால் ஆவணங்களில் குறைபாடுகள் நேர்வதுண்டு. 2011 சனவரியில் மாசச்சூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் இபானெஸ் வழக்கில், விற்பனையின்போது அடமானம் தம்மிடம் இருந்ததை வங்கிகள் மெய்ப்பிக்கவில்லை எனக் கூறி, முடிந்துவிட்ட ஏலங்களைச் செல்லாதவை என அறிவித்தது. படித்துப் பாராமலேயே உறுதிமொழி ஆவணங்களில் பெருமளவில் கையொப்பமிட்ட வழக்கம் 2010 இல் வெளிப்பட்டது. இதையடுத்து ஐந்து பெரிய கடன் நிருவாக நிறுவனங்கள் 2012 பெப்ரவரியில் 49 மாநிலங்களுடனும் நடுவண் அரசுடனும் சுமார் 25 பில்லியன் டாலர் மதிப்பிலான உடன்பாட்டுக்கு இணங்கின.

கடனை மாற்றியமைக்கக் கோருவது அடுத்த பணியாகும். 2014 சனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்த நடுவண் விதிகளின்படி, முதன்மைக் குடியிருப்பாக உள்ள வீட்டின் கடன் 120 நாட்களுக்கு மேல் நிலுவையாகும் வரை பறிமுதல் நடவடிக்கையைப் பொதுவாகத் தொடங்க இயலாது. ஏலத்துக்கு 37 நாட்களுக்கு மேல் இருக்கும்போது முழுமையான விண்ணப்பம் சேர்ந்துவிட்டால், அது தீர்வாகும் வரை விற்பனையைப் பெரும்பாலான நிறுவனங்கள் மேற்கொள்ளக்கூடாது. விண்ணப்பத்தில் ஓர் ஆவணம் குறைந்தாலும் இப்பாதுகாப்பு கிடைக்காமற் போகலாம்.

நியூயார்க்கில் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, இரு தரப்பினரும் நீதிமன்றத்தில் கூடிப் பேசும் சமரச அமர்வு ஏற்படுத்தப்பட்டது. பிலடெல்பியா நகரிலும் அதே ஆண்டில் இத்தகைய திட்டம் தொடங்கியது.

நொடிப்புநிலைச் சட்டத்தின் 13 ஆம் அத்தியாயத்தின்கீழ் மனுச் செய்தால் பறிமுதல் பொதுவாக உடனே தடைப்படும். நிலுவையை 3 முதல் 5 ஆண்டுகளில் செலுத்தலாம். நடப்புத் தவணைகளையும் தவறாது செலுத்த வேண்டும். ஏலம் முடிந்தபின் செய்யும் மனுவால் வீட்டை மீட்பது பெரும்பாலும் இயலாது.

வீட்டைக் காக்க வழியில்லாதபோது, கடன் தொகையிலும் குறைந்த விலைக்கு விற்க இசைவு பெறுதல், எஞ்சிய கடனைத் தள்ளுபடி செய்யக் கோருதல், ஏலத்தில் கிடைத்த உபரித் தொகையைப் பெற்றுத் தருதல் ஆகியனவும் வழக்கறிஞரின் பணிகளாகின்றன.

மோசடிகள்

பறிமுதல் அறிவிப்புகள் பொதுப் பதிவேடுகளில் இடம்பெறுவதால், வீட்டை மீட்டுத் தருவதாகக் கூறுவோர் உரிமையாளர்களைத் தாமே தேடி வருகின்றனர். கடன் கொடுத்தவருடன் பேச வேண்டாம் எனக் கூறுதல், தவணையைத் தம்மிடம் செலுத்தச் சொல்லுதல், வீட்டுப் பத்திரத்தைத் தற்காலிகமாகத் தம் பெயருக்கு மாற்றக் கேட்டல் ஆகியன இவர்களது அடையாளங்கள்.

நடுவண் வணிக ஆணையம் 2010 இல் வெளியிட்ட விதி, கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்து மூலமான சலுகையைப் பெற்றுத் தந்து, அதை உரிமையாளர் ஏற்கும் முன் கட்டணம் வாங்குவதைத் தடை செய்தது. உரிமையாளரோ வீடோ உள்ள மாநிலத்தில் உரிமம் பெற்று, முன்பணத்தைக் கட்சிக்காரருக்கான தனி வைப்புக் கணக்கில் இடும் வழக்கறிஞருக்கு இதில் விலக்கு உண்டு. வேற்று மாநில வழக்கறிஞரின் பெயரை மட்டும் காட்டி முன்பணம் கேட்கும் நிறுவனங்களுக்கு இவ்விலக்குப் பொருந்தாது.

இவற்றையும் பார்க்க

• அடமானம்
• நொடிப்புநிலை
• 2008 நிதி நெருக்கடி